நீ கேட்ட பட்டா

எய்யா,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நீ நலமாக இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன், ஆகையால் கேட்கவில்லை. இந்தக் கடிதம் உன் அம்மா கையில் வருகிறது. செல்லையாவிடம் கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்லாதே. நீயே படி. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் இவ்வளவு பெரிதாக, இடம் விட்டு எழுதியிருக்கிறேன். ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. கட்டுப் போட்டிருப்பது தோளில்தானே, கண்ணில் இல்லையே.

இன்று புதன்கிழமை. குடோனுக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். காய்ச்சலோ சாவோ இல்லாமல் நான் லீவு போட்டது இதுதான் முதல் தடவை என்று உன் அம்மா சொல்கிறாள். நான் உட்கார்ந்து எழுதுகிற இடத்துக்கு எதிரே, உத்திரத்தில், உனக்குத் தொட்டில் கட்டிய கொக்கி இருக்கிறதல்லவா, அதிலிருந்து ஒரு தோல் வார் தொங்குகிறது. வாரின் கீழே தண்ணீர் நிறைந்த பித்தளைக் குடம் தொங்குகிறது. காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் பிடித்து மாட்டியது. உன் அம்மாவுக்குச் சமையலுக்கு அந்தக் குடம்தான் வேண்டும். நின்றபடியே தம்ளரால் மொண்டு கொள்கிறாள்; மொள்ளும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்க்கிறாள். அவள் மொண்டதை நான் மறுபடி ஊற்றி நிரப்புகிறேன். காமிராவும் உறையும் சேர்ந்து இந்தக் குடத்தில் பத்தில் ஒரு பங்கு எடைகூட இராது. இருந்தாலும் சாயங்காலம் வரை தொங்கட்டும். வார் ஒரு நூல் அளவு நீண்டாலும் அதை உனக்கு அனுப்பமாட்டேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். திங்கட்கிழமை சாயங்காலம், ரயிலில் பார்சல் ஏற்றும் நம் பக்கத்து அறைச் செல்லையா புனாவிலிருந்து வந்தான். வழக்கமாக வந்ததும் வாசலில் நின்று சிரிப்பான். அன்றைக்குச் சிரிக்கவில்லை. உன்னைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னான். ஒரு கலியாண வீட்டில் மாடிப்படியில் நின்று நீ படம் எடுத்துக்கொண்டிருந்ததையும், சணல் போட்டு முடிந்து வைத்திருந்த காமிரா வார் அறுந்ததையும், காமிரா தரையைத் தொடாமல் பிடிக்கப்போய் நீ ஏழெட்டுப் படி உருண்டதையும், தோள்பட்டை எலும்பு முறிந்ததையும் சொன்னான். காமிராவில் ஒரு கீறல் இல்லையாம். முதலாளி உன்னை வேலையில் வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாராம், ஆனால் எலும்பு கூட ஆறு வாரம் ஆகுமாம். அதுவரை ஓட்டல் சோறும் ஒற்றைக் கையுமாக அந்த அறையில் தனியாகக் கிடக்கிறாய் என்றான். உன் அம்மா அப்போதே மாற்றுச் சேலையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருக்கக் கூடாதா என்று நான் சத்தம் போட்டேன். செல்லையா என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"கூப்பிட்டேன் மாமா. 'ஐயா வரப்பிடாதுன்னு எழுதிட்டாவ'ன்னுட்டான். ஒரு பட்டா அனுப்புததுக்கு ஒங்களுக்கு மனசு வரலியே."

எனக்குக் கோபம் வந்தது. பட்டாவுக்கும் எலும்பு முறிந்ததற்கும் என்னடா சம்பந்தம் என்றேன். அவன் தோளில் மாட்டியிருந்த தன் பார்சல் பையின் வாரைக் கட்டை விரலால் இழுத்துக் காட்டினான். "இதான் மாமா பட்டா" என்றான்.

எய்யா, நான் தோல் குடோனில் தரம் பிரிக்கிறவன். தாராவிக்கு வந்த நாளிலிருந்து தோலைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. குடோனில் ஒரு நாளைக்கு இருபது தடவை பட்டா என்கிறேன். பட்டா நீளமாக வெட்டு, பட்டாவுக்கு இந்தத் தோல் ஆகாது, இதைப் பட்டாக்காரனுக்கு ஒதுக்கு என்று இந்தியில் கத்திக்கொண்டே இருக்கிறேன். அங்கே அது வார்தான், எனக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை. அதே சொல்லை என் பிள்ளையின் கையெழுத்தில், தமிழில், ஒரு கார்டில் பார்த்ததும் அது நிலமாகிவிட்டது. உன் கார்டு எனக்கு மனப்பாடம். "ஐயா, பட்டா ஜல்தி அனுப்புங்க. பழசு இனிமே ரொம்ப நாள் தாங்காது. என் பிழைப்பே அதுலதான் தொங்குது. அம்மாட்ட சொல்ல வேண்டாம், பயந்துருவா." இவ்வளவுதான் எழுதியிருந்தாய். ஊரில் நம் பேருக்கு இருக்கிற அந்தத் துண்டு நிலத்தின் பட்டாவைக் கேட்கிறாய் என்று படித்தேன். எங்கேயோ கடனில் மாட்டிக்கொண்டு, அம்மாவுக்குத் தெரியாமல் நிலத்தை விற்கப் பார்க்கிறாய் என்று படித்தேன். பழசு ரொம்ப நாள் தாங்காது என்றாயே, அது நான் என்று நினைத்தேன்.

இப்போது நீ சிரிக்கலாம். தோள் வலிக்காமல் சிரி. நானும் திங்கட்கிழமை ராத்திரி சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சிலேட்டோடு உன்னை உட்காரவைத்துத் தமிழ் சொல்லிக்கொடுப்பேனே, உனக்கு எல்லா எழுத்தும் வரும், கால் போட மட்டும் மறந்துவிடுவாய். மாமா என்று எழுதச் சொன்னால் மம என்று எழுதுவாய். பாட்டா என்றால் பட்ட என்பாய். காலை எங்கேடா விட்டுட்டு வந்தே என்று கேட்டு விரலில் ஸ்கேலால் தட்டுவேன். இந்தக் கார்டிலும் வழக்கம்போலக் காலை விட்டிருந்தால் பட்ட என்று இருந்திருக்கும், என்ன சொல்கிறான் என்று நான் கொஞ்சமாவது யோசித்திருப்பேன். மற்ற சொல்லுக்கெல்லாம் நான்தான் கால் சேர்த்துப் படித்தேன், வாழ்க்கையில் அந்த ஒரு தடவை சரியாகப் போட்டுத் தொலைத்திருந்தாய்.

ஆனால் பழியை எழுத்தின்மேல் போட்டுவிட்டு நான் தப்பிக்கக் கூடாது. அந்தச் சொல்லுக்கு வேறு தகப்பன் வேறு அர்த்தம் எடுத்திருப்பான். நான் எடுத்ததற்குக் காரணம் உண்டு. அதை உன்னிடம் சொன்னதில்லை, உன் அம்மாவுக்கும் நேற்றுவரை பாதிதான் தெரியும். பத்தொன்பது வயதில் நான் பம்பாய்க்குப் புறப்பட்டது என் ஐயா கொடுத்து அனுப்பிய பணத்தில் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அவர் கொடுக்கவில்லை. அவர் வெளியே போயிருந்தபோது பெட்டியைத் திறந்து நிலத்துப் பட்டாவை எடுத்துக்கொண்டுபோய் ஒருவரிடம் வைத்துவிட்டு ரயில் ஏறினேன். நாலு வருஷம் கழித்து அதை மீட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். ஐயா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பட்டாவை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். நான் இருந்த பதினைந்து நாளும் குளிக்கும்போதுகூட அதை அவிழ்க்கவில்லை. மறு வருஷம் அவர் போய்ச் சேர்ந்தபோது அந்தச் சாவியை நான்தான் அவிழ்த்தேன். அன்றிலிருந்து அது என் இடுப்பில் இருக்கிறது. உன் கார்டைப் படித்தபோது நான் உன்னைப் பார்க்கவில்லை, அந்தப் பத்தொன்பது வயதுப் பையனைப் பார்த்தேன். அவனுக்கு எழுதவேண்டிய பதிலை உனக்கு எழுதிவிட்டேன்.

நான் எழுதியதையும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், மறைத்துவைக்க வேண்டாம். "நான் இருக்கிறவரை பட்டா என் பெட்டியில்தான் இருக்கும். பழசு போனபிறகு வந்து எடுத்துக்கொள். அதுவரை இந்தப் பக்கம் வராதே." நீ அதை எப்படிப் படித்திருப்பாய் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். ஒரு தோல் வாரைப் பெட்டியில் பூட்டிவைத்துக்கொண்டு, இருக்கிறது அறுந்தபிறகு வா என்று எந்தத் தகப்பனாவது எழுதுவானா என்று நினைத்திருப்பாய். உன் போட்டோ வேலைமேல் எனக்கு அவ்வளவு வெறுப்பு என்று நினைத்திருப்பாய். நாலு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நானும் ரோஷமாக இருந்தேன். உன் அம்மா கேட்டபோதெல்லாம், பிள்ளைக்கு வேலை அதிகம் என்று சொல்லிவைத்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீ புனாவுக்குப் புறப்பட்ட அன்று தாதர் ஸ்டேஷனுக்கு வந்தேன். குடோனில் உனக்கு இடம் கேட்டு வைத்திருந்தேன், அதை வேண்டாம் என்றுவிட்டு மாதுங்கா ஸ்டுடியோவில் தொழில் பழகி, இப்போது ஊரைவிட்டும் போகிறாயே என்ற மனவருத்தம். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து காமிரா உறையை மடியில் வைத்திருந்தாய். அதன் வார் வெளியே தொங்கியது. எனக்குத் தோலைப் பார்க்காமல் இருக்க முடியாது, உனக்குத் தெரியும். அது வயிற்றுத் தோல். யுத்த காலத்தில் நல்ல தோலெல்லாம் பூட்ஸுக்குப் போய்விட, மிச்சத்தில் வெட்டிய சரக்கு. துளை போட்ட இடத்தில் வெடிப்பு விட்டிருந்தது. ஆறு மாதம் தாங்காது என்று கண் சொல்லிவிட்டது. சொல்வதற்கு வாயைத் திறந்தேன். இவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே, பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று மூடிக்கொண்டேன். வண்டி போய்விட்டது. எழுத்தை நான் தப்பாகப் படித்தேன் என்றால் அது வேறு. தோலை நான் சரியாகத்தான் படித்தேன், சொல்லவில்லை. இதற்கு நீ என்ன பேர் வைத்தாலும் சரி.

போகட்டும், இப்போது வாருக்கு வருகிறேன். நேற்றுக் குடோனில் காலையிலிருந்து தோல் அடுக்கியிருந்த அட்டியைப் புரட்டினேன். வயிற்றுப் பக்கத் தோல் பார்க்க மிருதுவாக இருக்கும், போடப்போட இழுபடும். இன்றைக்கு இடுப்பில் இருக்கிற காமிரா அடுத்த மாதம் தொடையில் இடிக்கும். ஆட்டுத் தோல் கழுத்துக்குச் சுகம், ஆனால் பளுவுக்கு ஆகாது. முழு எருமைத் தோல் ஆயுசுக்கும் வரும், ஆனால் சட்டைக் காலரையும் கழுத்தையும் அறுத்துவிடும். கடைசியில் ஆவாரம்பட்டையில் நன்றாக ஊறிய எருமைக் கன்றுத் தோல் ஒன்று கிடைத்தது. அதில் முதுகுத் தண்டை ஒட்டி நீளவாக்கில் ஒரு துண்டு வெட்டச் சொன்னேன். முதலாளி எதற்கு என்று கேட்டார். என் பிள்ளை போட்டோக்காரன், அவனுக்கு என்றேன். இதை வெளியில் ஒருவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னபோது எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு குர்லாவுக்குப் போனேன். குதிரை வண்டிக்குச் சேணம் தைக்கிற பாய் ஒருவர் அங்கே இருக்கிறார், நம் குடோனில்தான் தோல் எடுப்பார். குதிரை இழுக்கிற வாரைத் தைக்கிறவர் கைக்கு மிஞ்சிய கை இல்லை. ஆணி அடித்துத் தரட்டுமா, சீக்கிரம் முடியும் என்றார். வேண்டாம், மெழுகு நூலில் இரட்டைத் தையல் போடுங்கள் என்றேன். ஆணி அடித்த இடத்தில்தான் முதலில் வெடிப்பு விடும், உன் பழைய வாரில் விட்டதும் அங்கேதான். நுனி சின்ன விரல் அகலம், தோளில் உட்காரும் இடம் மூன்று விரல் அகலம். ஓரத்தை நாலு பக்கமும் சீவி உருட்டச் சொன்னேன், கூர் ஓரம் வேர்வையோடு சேர்ந்தால் புண்ணாக்கிவிடும். வளையமும் பக்கிளும் பித்தளை. பம்பாய் உப்புக் காற்றுக்கும் உன் வேர்வைக்கும் இரும்பு துரு ஏறி ஒரு நாள் சொல்லாமல் கழன்றுகொள்ளும். பாய் தைத்துக்கொண்டே, உங்கள் பிள்ளை என்ன குதிரையா இவ்வளவு மஜ்பூத்தாக, இத்தனை உறுதியாகக் கேட்கிறீர்கள் என்றார். குதிரை சொன்னபடி கேட்கும், இவன் கேட்கமாட்டான் என்றேன். இருவரும் சிரித்தோம். கூலி வாங்க மாட்டேன் என்று சாதித்துவிட்டார். உன்னிடம் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம், கையில் ஊசியோடு.

போடுகிற விதமும் கேட்டுக்கொள். கழுத்தில் மாலை மாதிரித் தொங்கவிடாதே. எடை முழுவதும் பிடரியில் இறங்கும், குனிந்தால் காமிரா முன்னால் வந்து எதிலாவது முட்டும். தலை வழியாகப் போட்டு மார்பில் குறுக்காக விடு. அப்போது கூட்டத்தில் ஒருவன் இழுத்தாலும் வராது, நீ வழுக்கினாலும் உன்னோடுதான் இருக்கும், அதைப் பிடிக்க நீ படியில் பாய வேண்டியதில்லை. வாரின் சொரசொரப்பான பக்கம் சட்டையைத் தொடவேண்டும், வழவழப்பான பக்கம் வெளியே. மாற்றிப் போட்டால் நழுவும். காமிரா இடுப்பெலும்புக்குச் சற்று மேலே நிற்கிற மாதிரி நீளத்தை வைத்துக்கொள். நீ விட்டுப்போன சட்டை ஒன்றை உன் அம்மா கொடியில் மாட்டினாள், அதை வைத்துத்தான் அளவு எடுத்தேன். இளைத்துவிட்டாய் என்று செல்லையா சொன்னதால் துளை இரண்டு அதிகம் போட்டிருக்கிறது. முறிந்தது வலது தோள் என்கிறான், ஆகையால் இது இடது தோளில் ஏறி வலது இடுப்பில் இறங்கும்படி தைத்திருக்கிறது. பக்கிள் மார்பில் படாமல் முதுகுப் பக்கம் இருக்கும். எலும்பு கூடினபிறகு திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். மாதம் ஒரு தடவை துளைகளை மட்டும் வெளிச்சத்தில் மடக்கிப் பார். வெடிப்பு அங்கேதான் தொடங்கும். பார்த்தால் யாரிடமாவது சொல். சொல்ல வேண்டியவன் ரோஷம் பார்த்துக்கொண்டு நின்றால் நீயே கேள்.

நேற்றுச் சாயங்காலம் இன்னொன்றும் செய்யப் பார்த்தேன். பெட்டியைத் திறந்து நிலத்துப் பட்டாவை எடுத்து, இந்த வாரோடு சேர்த்துப் பொட்டலம் கட்டினேன். நீ கேட்டது ஒன்று, கிடைப்பது இரண்டாக இருக்கட்டும் என்று ஒரு எண்ணம். உன் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதற்குள் எல்லாக் கதையும் சொல்லியாகிவிட்டது. பொட்டலத்தைப் பிரித்தாள், காகிதத்தை எடுத்துப் பெட்டியிலேயே வைத்தாள்.

"அவன் கேக்காததக் குடுத்து ஒங்க மனச ஆத்திக்கிடப் பாக்காதிய. கேட்டதக் குடுங்க, போதும்" என்றாள்.

அவள் சொன்னது சரி. பட்டா பெட்டியிலேயே இருக்கிறது. சாவியை மட்டும் என் இடுப்பிலிருந்து அவிழ்த்து அடுப்படியில், அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். முப்பது வருஷமாகக் கயிறு இருந்த இடம் இன்றைக்கு லேசாக அரிக்கிறது.

நாளைக்குச் செல்லையாவுக்கு வண்டி. உன் அம்மா அவனோடு வருகிறாள். திங்கட்கிழமையே கிளம்புகிறேன் என்று நின்றாள், அவளைத் தனியே அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. நானும் வந்திருப்பேன். நான் நேரில் வந்து நின்றால் உன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாது, எனக்கு அது தெரியும். அப்படி உன்னைக் கூட்டிவர எனக்கு இஷ்டமில்லை. நீ கோபமாக இருந்தால் அங்கேயே இரு, அம்மா சமைத்துப் போட்டு ஆறு வாரமும் உன்னோடு இருப்பாள். கோபம் கொஞ்சம் குறைந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை அவளோடு வண்டி ஏறு. சாயங்கால வண்டிக்கு நான் தாதரில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நிற்பேன். நீ வராவிட்டாலும் நிற்பேன். வண்டி போனபிறகு வீட்டுக்குத் திரும்புவேன், உன்மேல் ஒரு வருத்தமும் இராது.

இனிமேல் எனக்கு எழுதும்போது எந்த மொழிச் சொல் வாயில் வருகிறதோ அதைப் போட்டு எழுது. வார் என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறது, அதை உனக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்டவன் நான்தான். புரியாவிட்டால் கேட்டு எழுதுகிறேன். கேட்காமல் பதில் எழுதமாட்டேன்.

கடைசியாக ஒரு வேலை. நான் எழுதிய அந்தக் கார்டை நீ கிழித்துப் போடவில்லை என்று செல்லையா சொன்னான், தலையணைக்கு அடியில் இருக்கிறதாம். அதை எடு. கடைசி வார்த்தை வராதே என்று இருக்கும். அதில் முதல் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் இடது கையால் அடித்துவிடு. மிஞ்சுகிற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கால் போடு, எய்யா. இந்தத் தடவை மறந்துவிடாதே.

உன் ஐயா